நிறுவன நடத்தையியல் ஆய்வாளரின் சைட்டேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வாளர்களுக்கு உதவும் நூலகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துவருகிறேன். மேலாண்மைத் துறையிலிருந்து, அதிலும் நிறுவன நடத்தையியல் பக்கமிருந்து (மாணவர்கள் வாயில் அது எப்போதும் 'ஓ.பி.'தான்) வருகிறவர்களின் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன: ஓர் ஆய்வாளரின் உழைப்பு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதை சைட்டேஷன் எண்ணிக்கை சொல்லுமா? தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை வைத்தே பேசுவதால், முடிந்தால் வரிசையாகப் படியுங்கள்.

சைட்டேஷன்னா கட்டுரையோட கடைசியில வர்ற பட்டியல்தானே? அதை எண்ணி என்ன தெரியப்போகுது?

கடைசியில் வரும் பட்டியலில், எழுதியவர் தான் யாருடைய வேலையைப் பயன்படுத்தினேன் என்று சொல்கிறார். அதையே மறுமுனையிலிருந்து பார்த்தால், ஒரு கட்டுரையைப் பிறகு எத்தனை பேர் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள் என்பது கிடைக்கும். அதுதான் சைட்டேஷன் (தமிழில் மேற்கோள்) எண்ணிக்கை. இதைத் தெரிந்துகொள்ள அந்தக் கட்டுரை மட்டும் கையில் இருந்தால் போதாது. பின்னால் வந்த எல்லாக் கட்டுரைகளின் பட்டியல்களையும் திரட்டித் திருப்பி அடுக்க வேண்டும்.

யூஜின் கார்ஃபீல்டு 1955-ல் 'சயன்ஸ்' இதழில் இந்த யோசனையை முன்வைத்தார். 1960களில் அவருடைய நிறுவனம் அறிவியல் துறைகளுக்கான மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. சமூக அறிவியலுக்கான அட்டவணை 1970களில் வந்தது. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளம் அந்த வழியில் வந்ததுதான். கார்ஃபீல்டு அன்று சொன்ன காரணத்தை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. பழைய கட்டுரை ஒன்றைப் பிறகு யாராவது மறுத்திருக்கிறார்களா, குறை கண்டிருக்கிறார்களா என்று கவனமுள்ள ஆய்வாளர் தேடிப் பார்க்க வழி வேண்டும் என்றார் அவர். அதாவது, தேடிப் படிப்பதற்காகப் பிறந்த கருவி இது. ஆளை எடை போடும் பழக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

எல்லாத் துறைக்கும் சைட்டேஷன் ஒண்ணுதானே? ஓ.பி.க்கு மட்டும் என்ன தனியா?

வேலையிடத்தில் மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராயும் துறை இது: ஊக்கம், பற்றுறுதி, தலைமை, நியாய உணர்வு, பணிச்சோர்வு, குழு வேலை. உளவியல், சமூகவியல், மேலாண்மை மூன்றும் சந்திக்கும் இடம். அதனால் ஓ.பி. கட்டுரை ஒன்றை ஓ.பி. ஆய்வாளர்கள் மட்டும் மேற்கோள் காட்டுவதில்லை. செவிலியர் கல்வி, பள்ளி நிர்வாகம், விடுதி மேலாண்மை, மென்பொருள் பொறியியல் என்று எங்கிருந்தெல்லாமோ வரும்.

வேகமும் வேறு. கேள்வித்தாள் தயாரித்து, தரவு திரட்டி, மதிப்பாய்வில் இரண்டு மூன்று சுற்று திருத்தி, அச்சேறுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அதை மேற்கோள் காட்டப்போகிறவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார். மருத்துவத்திலோ மூலக்கூறு உயிரியலிலோ இரண்டு ஆண்டுகளில் நடப்பது இங்கே நடக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். ஒரே பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரின் எண்ணிக்கையையும் ஓ.பி. பேராசிரியரின் எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் போட்டு வரிசைப்படுத்துவது இந்தக் காரணத்தாலேயே தவறு. அப்படிப் போட்ட அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மறுப்புச் சொல்லியிருக்கிறேன்.

என் கைடுக்கு கூகுள் ஸ்காலர்ல 900 காட்டுது, ஸ்கோப்பஸ்ல 310தான் இருக்கு. எது பொய்?

இரண்டும் பொய் இல்லை. கட்டுரைகளையும் அவற்றின் சைட்டேஷன்களையும் திரட்டிக் காட்டும் இந்த இரண்டு சேவைகளும் 2004-ல் தொடங்கின, ஆனால் வலை விரிக்கும் இடங்கள் வேறு. ஸ்கோப்பஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தேர்ந்தெடுத்த இதழ்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் ஓரளவு நூல்களையும் மட்டும் எண்ணுகின்றன. கூகுள் ஸ்காலர் முனைவர் பட்ட ஆய்வேடு, பணி அறிக்கை, அச்சுக்கு முந்தைய பிரதி, பாடநூல், வேறு மொழி இதழ் என்று இணையத்தில் கல்விசார்ந்ததாகத் தெரியும் எதையும் எண்ணும். ஒரே கட்டுரையின் இரண்டு பிரதிகளைத் தனித்தனியாக எண்ணிவிடுவதும் உண்டு.

ஓ.பி.யில் இந்த இடைவெளி பெரிதாக இருக்க இன்னொரு காரணம் நூல்கள். ஜேம்ஸ் மார்ச்சும் ஹெர்பர்ட் சைமனும் 1958-ல் எழுதிய நூல் இன்றும் இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. இதழ்களை மையமாக வைத்த தரவுத்தளத்தில் நூல்களின் செல்வாக்கு முழுமையாகத் தெரியாது. உங்கள் கைடு நூல் எழுதுகிறவராக இருந்தால் கூகுள் ஸ்காலரின் எண் அவருக்கு நெருக்கமானதாக இருக்கலாம். எந்த எண்ணை எழுதினாலும் எங்கே, எந்தத் தேதியில் பார்த்தது என்று சேர்த்து எழுதுங்கள். இரண்டு பேரை ஒப்பிடும்போது இருவருக்கும் ஒரே தளத்தின் எண்ணை எடுங்கள்.

கூகுள் ஸ்காலர் பக்கத்தில் அதே பெயருள்ள இன்னொருவரின் கட்டுரைகள் கலந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். முதலெழுத்தும் பெயரும் மட்டும் எழுதும் வழக்கமுள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. 2012-ல் தொடங்கிய ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் வந்தது. பதிவு இலவசம்.

எச்-இன்டெக்ஸை யாராவது தமிழ்ல புரியிற மாதிரி சொல்லுங்களேன்.

ஒருவரின் கட்டுரைகளை அதிக சைட்டேஷனிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுதுங்கள். உதாரணத்துக்கு 40, 22, 9, 5, 5, 3, 1 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்குக் குறைந்தது 5 இருக்கிறது. ஆறாவதுக்கு 6 வேண்டும், ஆனால் 3தான் இருக்கிறது. ஆகவே எச்-இன்டெக்ஸ் 5. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் சொன்ன கணக்கு இது. கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10 இதைவிட எளிது: 10 அல்லது அதற்கு மேல் சைட்டேஷன் பெற்ற கட்டுரைகள் எத்தனை? இந்த உதாரணத்தில் 2.

இப்போது முதல் கட்டுரையின் 40-ஐ 4,000 ஆக்கிப் பாருங்கள். எச்-இன்டெக்ஸ் அப்போதும் 5தான். துறையையே திருப்பிப்போட்ட ஒரே கட்டுரையை எழுதியவரும், சுமாராகத் தொடர்ந்து எழுதிவருபவரும் இந்தக் கணக்கில் ஒரே தட்டில் நிற்பார்கள். இது ஒருபோதும் இறங்கவும் இறங்காது. 20 ஆண்டு எழுதியவரையும் 5 ஆண்டு எழுதியவரையும் இதை வைத்து ஒப்பிட வேண்டாம் என்பதற்கு அது ஒன்றே போதும்.

சரி, எத்தனை இருந்தா நல்ல எண்ணிக்கைன்னு சொல்லலாம்?

ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். கட்டுரையின் வயது, துறை, வகை மூன்றும் தெரியாமல் 50 என்பது கூடுதலா குறைவா என்று யாருக்கும் தெரியாது. இதற்காகத்தான் துறைக்கேற்பச் சரிசெய்த அளவீடுகள் வந்தன. ஸ்கோப்பஸ் தரவில் கணக்கிடப்படும் எஃப்.டபிள்யு.சி.ஐ. (ஃபீல்டு வெயிட்டட் சைட்டேஷன் இம்பாக்ட்) அவற்றில் ஒன்று. அதே துறையில், அதே ஆண்டில், அதே வகையில் வந்த கட்டுரைகளின் உலகச் சராசரி 1 என்று கொண்டால் இந்தக் கட்டுரை எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். 1.5 என்றால் சராசரியைவிடப் பாதி கூடுதல்.

ஆனால் பத்துக் கட்டுரை மட்டுமே எழுதியவருக்கு இதைப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு பிரபலமான கட்டுரை மொத்தச் சராசரியையும் மேலே இழுத்துவிடும். குறைந்த எண்ணிக்கைக்குச் சராசரியே பொருத்தமில்லாத அளவு.

இம்பாக்ட் ஃபேக்டர் பெரிய இதழ்ல வந்தாலே கட்டுரை பெரியதுதானே சார்?

இல்லை. இம்பாக்ட் ஃபேக்டர் இதழின் சராசரி: முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழ் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த சைட்டேஷனை, அந்த இரண்டு ஆண்டுகளின் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்தது. பெர் செக்லன் 1992-ல் காட்டியபடி, சைட்டேஷன்களில் பாதியை 15 சதவீதக் கட்டுரைகளே வாங்கிவிடுகின்றன. மீதியுள்ளவை அவற்றின் நிழலில் நின்று சராசரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தச் சராசரி உங்கள் கட்டுரையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை.

போதாததற்கு, மேலே சொன்ன வேகப் பிரச்சினையும் இருக்கிறது. இரண்டு ஆண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஓ.பி. கட்டுரையின் பெரும்பகுதி வாழ்க்கை கண்ணில் படவே படாது. தனி ஆய்வாளரை எடைபோட இதழ் அளவீட்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆய்வு மதிப்பீடு பற்றி 2013-ல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. பதவி உயர்வுக் குழுவில் யாராவது இதைப் பேசினால் அதை மேற்கோள் காட்டலாம்.

கொள்கையைக் கண்டுபிடிச்சவங்களைவிட கேள்வித்தாள் தயாரிச்சவங்களுக்கு சைட்டேஷன் அதிகமா இருக்கே, ஏன்?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது, ஏனென்றால் இந்தத் துறையின் உள் இயக்கம் இதில்தான் தெரிகிறது. பணிச்சோர்வு, நியாய உணர்வு போன்றவற்றை நேராகத் தொட்டு அளக்க முடியாது. கேள்விகள் கேட்டு, பதில்களுக்கு மதிப்பெண் கொடுத்துத்தான் அளக்க முடியும். நல்ல அளவுகோல் ஒன்றை ஒருவர் உருவாக்கிவிட்டால், பிறகு அந்தப் பொருளைத் தொடும் ஒவ்வொருவரும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள், ஒவ்வொருவரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் பணிச்சோர்வை அளப்பது பற்றி 1981-ல் எழுதிய கட்டுரையும், ஜேசன் கால்கிட் 2001-ல் நிறுவன நியாயத்துக்கு உருவாக்கிய அளவுகோலும் அப்படித்தான் பரவின.

இதைவிடப் பெரிய எண்ணிக்கை முறையியல் கட்டுரைகளுக்குக் கிடைக்கிறது. ஒரே ஆளிடம், ஒரே கேள்வித்தாளில், ஒரே நேரத்தில் காரணத்தையும் விளைவையும் கேட்டால் இரண்டுக்கும் இடையில் இல்லாத தொடர்பு இருப்பதுபோல் தோன்றலாம். பிலிப் பொட்சாகாஃபும் உடன் எழுதியவர்களும் 2003-ல் 'ஜர்னல் ஆஃப் அப்ளைடு சைக்காலஜி'யில் இந்தச் சிக்கலைத் தொகுத்து எழுதிய கட்டுரை பல பத்தாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. மதிப்பாய்வாளர் நிச்சயம் கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தக் கட்டாயமே எண்ணிக்கையாக மாறுகிறது. அக்கட்டுரையின் ஆலோசனையை முழுமையாகப் பின்பற்றியவர்களும் அதில் இருக்கிறார்கள், பெயரை மட்டும் போட்டு நகர்ந்தவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை இருவரையும் பிரித்துக் காட்டாது.

ரூபன் பேரனும் டேவிட் கென்னியும் 1986-ல் இடைநிலை மாறிகளை, அதாவது காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் நின்று இணைப்பவற்றை, சோதிக்கும் படிகளைச் சொன்னார்கள். அந்தப் படிகளில் குறைகள் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் விரிவாகக் காட்டி, வேறு முறைகளுக்கும் மாறிவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கட்டுரைக்கு மேற்கோள்கள் நிற்கவில்லை. ஆகவே ஓர் ஆய்வாளரின் பக்கத்தில் பெரிய எண் தெரிந்தால் முதலில் கேட்க வேண்டியது: இது கருத்துக்கு வந்ததா, கருவிக்கு வந்ததா? கருவி செய்தவரின் பங்களிப்பு குறைந்தது என்று நான் சொல்லவரவில்லை. நல்ல அளவுகோல் ஒரு துறைக்குக் கிடைத்த சொத்து. ஆனால் இரண்டும் வெவ்வேறு வகைப் பங்களிப்புகள். ஒன்றின் எண்ணோடு மற்றொன்றின் எண்ணை ஒப்பிடுவது நெல்லை முழத்தால் அளப்பது போல.

பேப்பர் வந்து நாலு வருஷம் ஆச்சு, மூணே சைட்டேஷன். அது செத்துப்போச்சுன்னு அர்த்தமா?

அவசரப்பட வேண்டாம். வில்லியம் கான் 1990-ல் 'அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னல்'இல் ஒரு கட்டுரை எழுதினார். கோடை முகாம் ஒன்றிலும் கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றிலும் வேலை செய்தவர்களைக் கவனித்து, மனிதர்கள் எப்போது தங்களை முழுமையாக வேலையில் ஈடுபடுத்துகிறார்கள், எப்போது விலகிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். தொடக்க ஆண்டுகளில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. பணி ஈடுபாடு என்ற பேச்சு 2000களில் சூடுபிடித்த பிறகு எல்லோரும் அதன் வேரைத் தேடிப் போனார்கள், கானின் கட்டுரை அங்கே காத்திருந்தது. இப்படி நீண்ட காலம் கவனிக்கப்படாமல் இருந்து பிறகு எழும் கட்டுரைகளுக்கு ஆன்தனி வான் ரான் 2004-ல் 'தூங்கும் அழகிகள்' என்று பெயர் வைத்தார்.

எல்லாக் கட்டுரையும் இப்படி எழும் என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவை எழுவதில்லை. ஆனால் ஓ.பி.யில் நான்கு ஆண்டு என்பது தீர்ப்புக்கு ஏற்ற காலம் இல்லை. அந்த மூன்று பேர் யார், எதற்காக மேற்கோள் காட்டினார்கள் என்று நீங்கள் படித்துப் பார்த்தீர்களா? அதில் ஒருவர் உங்கள் கருத்தைச் சோதித்திருந்தால்கூட, 30 பேர் அடைப்புக்குறிக்குள் பெயர் போட்டதைவிட அது உங்களுக்குப் பெரிய விஷயம்.

அவ்வளவு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னா முடிவு சரியாத்தானே இருக்கும்?

இதற்கு மட்டும் அழுத்தமாக இல்லை என்று சொல்வேன். 2010-ல் வந்த ஒரு கட்டுரை, நிமிர்ந்து கைகால்களை விரித்து நிற்பது ஹார்மோன்களை மாற்றும், துணிச்சலைக் கூட்டும் என்றது. பங்கேற்றவர்கள் 42 பேர். 2015-ல் 200 பேரை வைத்து வேறொரு குழு சோதித்தபோது, அதிகாரம் இருப்பதுபோன்ற உணர்வு கூடியது. ஆனால் ஹார்மோன் மாற்றமும் துணிச்சல் மாற்றமும் தென்படவில்லை. 2016-ல் முதல் கட்டுரையின் முதன்மை ஆசிரியரே அந்த விளைவு உண்மையென்று தான் நம்பவில்லை என்று எழுதி வெளியிட்டார். அதை மறுத்து எழுதியவர்களும் மேற்கோள் காட்டித்தானே ஆக வேண்டும்? அவையும் அதே எண்ணிக்கையில்தான் சேர்கின்றன.

இன்னொன்று: படிவத்தின் மேலே கையெழுத்து வாங்கினால் மக்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்று 2012-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த கட்டுரை. 2020-ல் அதன் ஆசிரியர்களே மீண்டும் செய்து பார்த்து விளைவு கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு தரவிலேயே மோசடி இருப்பது வெளியாகி, 2021-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன் கிடைத்த சைட்டேஷன்கள் எங்கும் போகவில்லை, எண்ணிக்கையில் அப்படியே இருக்கின்றன. கார்ஃபீல்டு 1955-ல் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். அதனால் ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டும் முன், அதை மேற்கோள் காட்டிய பின்னாள் கட்டுரைகளில் சிலவற்றையாவது திறந்து பாருங்கள்.

படிக்காமலேயே மேற்கோள் காட்டுவாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். ஒரு பதிப்பகம், மேற்கோளை எப்படி எழுத வேண்டும் என்று காட்ட மாதிரியாக ஒரு கட்டுரையின் பெயரைத் தன் வழிகாட்டியில் கொடுத்திருந்தது. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது, இதழும் கிடையாது. அது சுமார் 400 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்ததைப் பற்றி மேலாண்மைப் பேராசிரியர் அன்-வில் ஹார்சிங் 2017-ல் எழுதினார். பெரும்பாலானவை மாதிரி வரியை அழிக்க மறந்த கவனக்குறைவு. அந்த வரி எழுத்தாளர், மதிப்பாய்வாளர், பதிப்பாசிரியர் என்று எத்தனை கண்களைத் தாண்டிப் போயிருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஓ.பி.யில் இதற்கு அன்றாட உதாரணம் ஆபிரகாம் மாஸ்லோ. தேவைகளின் படிநிலையைப் பிரமிடாக வரைந்து, கீழே '1943' என்று போடாத பாடக்குறிப்பு அரிது. 1943 கட்டுரையைத் திறந்து பாருங்கள், அதில் பிரமிடு இல்லை.

நம்ம பேப்பரை நாமே மேற்கோள் காட்டினா தப்பா?

தொடர் ஆய்வில் அது இயல்பு. போன ஆண்டு உருவாக்கிய அளவுகோலை இந்த ஆண்டு பயன்படுத்தினால் சொல்லித்தான் ஆக வேண்டும். சம்பந்தமில்லாத இடத்தில் பழைய கட்டுரைகளை வரிசையாக அடுக்குவதுதான் பிரச்சினை. ஸ்கோப்பஸில் சுய மேற்கோளை நீக்கிவிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. இரண்டு எண்ணையும் எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

எடிட்டர் 'எங்க இதழ்ல வந்த கட்டுரைகளைச் சேருங்க'ன்னு எழுதியிருக்கார். சேர்க்கணுமா?

எந்தக் கட்டுரை, ஏன் என்று குறிப்பிட்டிருந்தால் படித்துப் பாருங்கள். பொருத்தமாக இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் ஏன் பொருந்தவில்லை என்று மரியாதையாகப் பதில் எழுதுங்கள். எதையும் குறிப்பிடாமல் 'எங்கள் இதழ்' என்று மட்டும் சொன்னால் அது இம்பாக்ட் ஃபேக்டரை ஏற்றும் வேலை. ஆலன் வில்ஹைட், எரிக் ஃபாங் இருவரும் பொருளியல், சமூகவியல், உளவியல், வணிகத் துறை ஆய்வாளர்களிடம் கேட்டு 2012-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டதில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இப்படிப்பட்ட நிர்ப்பந்தத்தைச் சந்தித்ததாகச் சொன்னார். உங்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைத்துக் குன்றிப்போக வேண்டாம். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர் மறுப்பது எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். இணை ஆசிரியர்களில் மூத்தவரை அந்தப் பதிலை எழுதச் சொல்லுங்கள்.

ஆறு பேர் சேர்ந்து எழுதின பேப்பருக்கு 300 சைட்டேஷன்னா ஒவ்வொருத்தருக்கும் 300ஆ?

தளங்கள் அப்படித்தான் காட்டும். ஆறு பேரின் பக்கத்திலும் 300 ஏறும். எத்தனை கட்டுரையில் அவர் முதல் ஆசிரியர், எத்தனையில் தனி ஆசிரியர் என்று தனியாக எண்ணிப் பார்ப்பதே நியாயம். ஒரு எச்சரிக்கை: உயிரியல், மருத்துவத்தில் கடைசிப் பெயர் வழக்கமாக ஆய்வகத் தலைவருடையது. ஓ.பி.யில் பெரும்பாலும் பங்களிப்பின் வரிசையில் பெயர் போடுகிறார்கள், அதனால் கடைசிப் பெயருக்கு அந்தப் பொருள் இல்லை.

எங்க பேராசிரியர் உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்ல வந்துட்டார்னு போஸ்டர் அடிச்சிருக்காங்க. அது விருதா?

விருது இல்லை, தரவுத் தொகுப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸும் உடன் பணிபுரிந்தவர்களும் ஸ்கோப்பஸ் தரவை வைத்து உருவாக்கி 2019-ல் விளக்கி எழுதியது. பிறகு புதுப்பித்தும் வருகிறார்கள். மொத்த சைட்டேஷன், எச்-இன்டெக்ஸ், இணை ஆசிரியர் எண்ணிக்கைக்கேற்பச் சரிசெய்த எச், தனி ஆசிரியர், முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் கட்டுரைகளின் சைட்டேஷன் என்று ஆறு அளவீடுகளைச் சேர்த்த மதிப்பெண் அதில் உண்டு. சுய மேற்கோளுடனும் இல்லாமலும் இரண்டு கணக்கும் இருக்கிறது.

முழு வாழ்நாள் பட்டியல் ஒன்று, ஒரே ஆண்டுக்கான பட்டியல் ஒன்று என்று இரண்டு இருப்பதைக் கவனியுங்கள். போஸ்டரில் எது என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியதுதான், பேராசிரியரை வாழ்த்துங்கள். ஆனால் கடைசி ஆசிரியர் பற்றி மேலே சொன்னதை நினைத்தால், ஓ.பி. ஆய்வாளருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்திவிடாது என்பதும் புரியும்.

நிறுவனங்கள்ல நிஜமாவே பயன்படுத்துறாங்க, ஆனா எண்ணிக்கையில வரலையே?

வராது. கேரி லேதமும் ஜேம்ஸ் பால்ட்ஸும் மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்களிடம் செய்த ஒரு சோதனையை 1975-ல் வெளியிட்டார்கள். சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதமே ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு 94 சதவீதம் என்று தெளிவான இலக்கு கொடுத்ததும் ஏற்றும் எடை வேகமாக உயர்ந்தது. புது லாரி வாங்கவில்லை, கூலி கூட்டவில்லை. அந்த முடிவைக் கேள்விப்பட்டு எங்கோ ஒரு மேலாளர் தன் குழுவுக்குத் தெளிவான இலக்கு வைத்தால், அது எந்தத் தரவுத்தளத்திலும் ஏறாது.

எமி எட்மண்ட்சனின் உளவியல் பாதுகாப்பு பற்றிய 1999 கட்டுரை சைட்டேஷன், நடைமுறை என்று இரண்டு பக்கமும் தெரியும் அரிய உதாரணம். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, தவற்றைச் சொன்னால் அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருக்கும் குழுவே கற்றுக்கொள்கிறது என்றது. கூகுள் நிறுவனம் தன் குழுக்களை ஆராய்ந்த 'அரிஸ்டாட்டில்' திட்டம் அதே கருத்தை முதன்மையாகச் சொன்ன பிறகு அது அலுவலகப் பேச்சிலேயே கலந்துவிட்டது. இப்படிக் கலந்துபோகும்போது மூலத்தைச் சொல்வதே நின்றுவிடும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எழுதியிருக்கிறார். கருத்து எல்லோருடையதாகிவிட்டால் பெயர் தேவைப்படுவதில்லை.

நேர்மையா சைட்டேஷன் கூட என்னதான் செய்யலாம்?

தேடினால் கிடைக்கும்படி வையுங்கள்: தலைப்பில் பொருள் தெரியட்டும், பெயரை எப்போதும் ஒரே மாதிரி எழுதுங்கள், பதிப்பகம் அனுமதிக்கும் பிரதியைத் திறந்த களஞ்சியத்தில் ஏற்றுங்கள். அளவுகோல் உருவாக்கியிருந்தால் கேள்விகள் முழுவதையும் மதிப்பெண் இடும் முறையோடு பின்னிணைப்பில் கொடுங்கள். அதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வராமல் வேறு அளவுகோலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

என் கைடோட தாக்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. எங்க ஆரம்பிக்கிறது?

அவருடைய அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட மூன்று கட்டுரைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் 30-ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள், புகழ்பெற்றவற்றை மட்டும் பொறுக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் அவர் பெயர் வரும் வாக்கியத்தையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களையும் ஓர் அட்டவணையில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு கட்டம்: சும்மா பெயர் போட்டதா, அளவுகோலை எடுத்துக்கொண்டதா, கருத்தைச் சோதித்ததா, வளர்த்ததா, மறுத்ததா. இன்னொரு கட்டத்தில் எந்தத் துறை என்று எழுதுங்கள்.

இது இரண்டு மூன்று நாள் வேலை. முடிக்கும்போது உங்களிடம் 'மொத்தம் 900' என்ற எண்ணுக்குப் பதிலாக, 'இவருடைய அளவுகோலைச் செவிலியர் ஆய்வுகள் எடுத்துக்கொண்டன, கருத்தை இரண்டு பேர் வேறு சூழலில் சோதித்தார்கள், ஒருவருக்கு விளைவு கிடைக்கவில்லை' என்று எழுதும் அளவுக்கு விவரம் இருக்கும். கிடைக்காததையும் எழுதுங்கள், குழுவில் இருப்பவர்கள் அதைப் படித்த பிறகுதான் மற்றதை நம்புவார்கள். எண்களை ஒரு வரியில், தளத்தின் பெயரும் தேதியும் போட்டு, அதற்குப் பிறகு வையுங்கள். எழுதி முடித்ததும் கைடிடம் காட்டுங்கள். தன் கட்டுரையை யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று பல பேராசிரியர்கள் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள்.